சுவருக்கு அந்தப் பக்கம்

செவலைப் பசுவின் மூத்திரம் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் தெறித்த பிறகுதான் வக்கீல் மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினார். அவர் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பொழுது விடிந்தது என்று சொன்னாலும் யார் பார்த்தது என்று கேட்பார். அதனால் வந்த பட்டம்தான் வக்கீல்.

டாக்டரம்மா பசுவின் காது நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துத் தேய்த்தாள். பிறகு மடியோரம் விரலால் துழாவி, ஆமணக்கு விதை போல உப்பியிருந்த ஓர் உண்ணியைப் பிடுங்கினாள்.

"ரத்தத்துல கிருமி புகுந்திருக்கும்னு தோணுது. இந்த உண்ணி கொண்டுவந்து விட்டிருக்கலாம்."

"இருக்கலாமா? ஊசி மட்டும் நிச்சயமாப் போடுவீங்க."

"மாடு நிக்கணுமே, பெரியவரே. உண்ணி மேல குத்தம் சொல்றது ரத்தத்தைப் பாத்தப்புறம். தினம் பிடுங்கறீங்களா? எங்க போடுவீங்க?"

"எங்கயோ போடறேன்."

"மண்ணெண்ணெயில போடுங்க. வயிறு முட்டக் குடிச்சது கீழ விழுந்தா சாகாது. ஆயிரக்கணக்குல முட்டை வைக்கும்."

வக்கீலின் கண் சுவர்ப் பக்கம் போனது. காலையில் சாணி அள்ளுமுன் உண்ணி பொறுக்கி, ஒவ்வொன்றாக விரலால் சுண்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்புவது அவர் வழக்கம். அந்தப் பக்கம் தம்பியின் கொட்டகை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று போயிருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் உண்ணிகளிடம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே கட்டியிருந்த கருத்த பசு தலைச்சன் சினை.

ஆயிரமாம் ஆயிரம். நாலைந்து உண்ணிகளை ஒரு பாட்டிலில் போட்டு வாயில் துணி கட்டி மாடத்தில் வைத்தார். ஊசி போட்ட சில நாளில் செவலை மெல்லத் தீவனத்தில் வாய் வைக்கத் தொடங்கியது. அவர் கண்ணோ பாட்டிலிலேயே கிடந்தது. உண்ணிகள் சுருங்கச் சுருங்க, பக்கத்தில் பழுப்பு மணிகள் குவிந்தன. எண்ணப் பார்த்துக் கைவிட்டார்.

பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போனார். டாக்டரம்மா பாதி முட்டைகளை எடுத்துக்கொண்டு, செவலையின் ரத்தத்தைப் நுண்ணோக்கியில் காட்டினாள். இளஞ்சிவப்பு வட்டங்களாக ரத்த அணுக்கள்; சிலவற்றுக்குள் முனை சேர்ந்த இரண்டு துளிகளாகக் கிருமி.

"ஜோடியா குடியிருக்கு" என்றார் வக்கீல். "இது இந்த முட்டைக்குள்ளயும் இருக்குமா?"

"இருக்கலாம். தாய்கிட்டேருந்து குஞ்சுக்குப் போறதுண்டு. இதுல இருக்கான்னு எனக்குத் தெரியாது. பாக்கணும்."

"அப்ப பாருங்க." இந்த முறை அவர் சீண்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே சுவரோரம் போய் நின்றார். தம்பி கருத்த பசுவின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, திரும்பாமலே கேட்டான்:

"என்ன, இன்னைக்குப் பாட்டிலோட வீசப்போறியா?"

"உனக்குத் தெரியுமா?"

"தலையில வந்து விழுந்தா தெரியாதா?"

"டாக்டரம்மாவை வரச் சொல்லியிருக்கேன். உன் மாட்டு ரத்தத்தையும் பாக்கட்டும்."

"என் மாட்டுக்கு என்ன?"

"தெரியலடா. அதான் பாக்கணும்ங்கறேன். இந்தா, நீயே பாரு."

தம்பி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். சுவருக்கு மேலாக அண்ணனின் விரல் நீண்டு பழுப்புக் குவியலைக் காட்டியது. பின்னால் கருத்த பசு வாலைத் தூக்கிற்று. இரண்டு பேரும் பாட்டிலை மறந்து, மூத்திரத்தின் நிறம் பார்க்க ஒன்றாகக் குனிந்தார்கள்.