பாம்பு என்று சொன்னால் போதும்

அந்தப் பண்ணையை நடத்துகிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. அவரவரே பறித்து, எடை போட்டு வாங்கிப் போகும் ஸ்ட்ராபெர்ரித் தோட்டம் அது. மருந்து அடிக்காத பழம், பறித்த கையோடு வாயில் போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் ஜனங்கள் பிள்ளை குட்டிகளோடு வந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை பறிப்பின் முதல் நாள். கதவைத் திறந்ததுமே கூட்டம் கூடைகளோடு பாத்திகளுக்குள் இறங்கிவிட்டது. தராசைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, உன் வாண்டு எங்கே, முதல் பழம் அவளுக்குத்தானே என்று தம்பி மனைவியிடம் கேட்டாள். வெயிலாக இருக்கிறதாம், இன்றைக்குக் குழந்தையைத் தோட்டத்துப் பக்கமே விடாதே என்று உங்கள் தம்பி சொல்லிவிட்டுப் போனார் என்றாள் அவள்.

வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது.

அக்காவுக்குச் சுருக்கென்றது. துணியைப் போட்டுவிட்டு வேலியோரப் பாத்திகளுக்கு நடந்தாள். கொஞ்ச நாளாகவே அங்கே அசுவினிப் பூச்சி ஏறியிருந்தது. அதைத் தின்னட்டும் என்று பொறிவண்டுகளை வாங்கி வந்து அவள் கையாலேயே விட்டிருந்தாள். வண்டு சாப்பிட்டு முடிப்பதற்குள் நாம் பட்டினி கிடக்க வேண்டியதுதான் என்று தம்பி முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அவள் குனிந்து செடியடியில் மூடாக்காகப் பரப்பியிருந்த வைக்கோலை விலக்கினாள். வண்டுகள் காலை மடக்கி மல்லாந்து கிடந்தன. இலைக்கு அடியில் மூக்கைக் காந்துகிற ஒரு வாடை.

மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து தம்பி ஒரு கயிற்றுச் சுருளோடு ஓடி வந்தான். அவள் நின்ற இடத்தைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"மருந்து அடிச்சியாடா?"

அவன் மறைக்கவில்லை. "இந்த நாலு பாத்திக்கு மட்டுந்தான்க்கா. நீ வெளிய போயிருந்தப்ப. விட்டிருந்தா மொத்தத் தோட்டமும் போயிருக்கும். கயிறு கட்டி மறிச்சிடலாம்னு இருந்தேன், அதுக்குள்ள உள்ள வந்துட்டாங்க."

உள்ளேதான் இருந்தார்கள். வயிறு தள்ளிய ஒரு பெண் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த பாத்தியில் ஓர் அப்பாவும் இரண்டு பையன்களும். பையன்களின் வாயெல்லாம் சிவப்பு.

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பாம்பு பாத்தோம்னு சொல்லிடுக்கா. அது போதும். எல்லாரும் வெளிய ஓடிடுவாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

அந்தச் சொல் அவள் வாய்வரை வந்துவிட்டது. ஓடுவார்கள், உண்மைதான். கூடையோடு ஓடுவார்கள். வீட்டில் இருக்கும் மற்ற குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை அழுதால், ஏன் என்று தெரியாமல் முழிப்பார்கள்.

"தின்னவங்களுக்கு யாருடா சொல்றது?" என்று கையை உதறிவிட்டு, தராசு மேசைக்குப் போய் மைக்கை எடுத்தாள்.

வேலியோரப் பாத்திகளில் மருந்து அடித்திருக்கிறது, யாரும் எதையும் தின்ன வேண்டாம், பறித்ததை அப்படியே கீழே வைத்துவிடுங்கள், தின்றவர்கள் உடனே முன்னால் வாருங்கள் என்றாள். அவள் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது.

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு அந்த அப்பா சட்டை நுனியால் பையன்களின் வாயை அழுத்தித் துடைத்தபடி வந்து, என்ன மருந்து என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். தம்பியைக் காணோம். ஓடிவிட்டானா என்று மோட்டார் கொட்டகைப் பக்கம் தேடினாள். போலீஸைக் கூப்பிடு என்று யாரோ கத்தினார்கள். சுற்றி நின்ற கூட்டம் நெருங்கிவிட்டது.

அந்த நெருக்கத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு தம்பி வந்தான். கையில் மருந்து பாட்டில்.

"நான்தான் அடிச்சேன். அக்காவுக்குத் தெரியாது. இதை டாக்டர்கிட்ட காட்டுங்க."

அந்த அப்பா பாட்டிலை வாங்கினார். வாங்கிய பிறகு மற்ற கையால் ஓங்கி ஓர் அறை விட்டார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அடிக்கிறதை அப்புறம் அடிக்கலாம், முதலில் வண்டியை எடுங்கள் என்று சொன்னது அந்தக் கர்ப்பிணிப் பெண்தான்.

பண்ணை வேனில்தான் தின்றவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் சின்னப் பையன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். கர்ப்பிணிப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே ஒரே பெஞ்சில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள், சேர்ந்தே உட்கார்ந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் வந்து, உள்ளே போனது ரொம்பக் குறைச்சல், யாருக்கும் ஆபத்தில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருந்தது. பையன்களின் அப்பா அக்காவின் முகத்தைப் பார்க்காமலே போனார்.

திரும்பும் வழியில் தம்பி, "ஏதாவது திட்டுக்கா" என்றான்.

"இன்னிக்குத் தெம்பில்லடா. ரோட்டைப் பாத்து ஓட்டு."

அந்த சீசனில் அதற்குப் பிறகு கதவு திறக்கவேயில்லை. நாலு பாத்தியையும் தம்பியே பிடுங்கினான். அடுத்த வருஷம் பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களும் பழத்தைப் பறித்ததும் வாயில் போடாமல் அக்காவைத்தான் முதலில் பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு பழத்தைத் தின்றுகொண்டே அவர்களுக்கு முன்னால் நடந்தாள்.