பெருநோன்பில் ஒரு முட்டை

பெருநோன்பின் மூன்றாவது ஞாயிறு, பூசை நடக்கும்போது, பெண்கள் பக்கத்தில் நான் மயங்கி விழுந்தேன். கண் திறந்தபோது மல்லாவி ஊரின் பாதி என் முகத்துக்கு மேல் குனிந்திருந்தது. யாரோ புண்ணியவதி என் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றியிருந்தாள். நற்கருணை வாங்கும் வரைக்கும் தண்ணீர்கூட உதட்டில் படக்கூடாது. ஆகவே அன்றைக்கு நற்கருணையும் போயிற்று. விழுந்ததைவிட அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் டாக்டர் ஹிஷாம் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கிட்டு மத்தியானம் மூணு மணி வரைக்கும் பட்டினி கிடக்கச் சொல்லி உங்களுக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

"ஏழு வயசுலேர்ந்து இருக்கேன் டாக்டர்."

"ஏழு வயசுல மாத்திரை போட்டீங்களா?"

பக்கத்தில் நின்ற என் நாத்தனார் வதீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ரத்தத்துல சத்தே இல்ல. காலையில எழுந்ததும் ஒரு டம்ளர் பால். ஒவ்வொரு வேளையும் ஒரு முட்டை, இல்லாட்டி பாலாடைக்கட்டி."

"ஈஸ்டர் முடிஞ்சதும் ஆரம்பிச்சுடறேன்."

"ஈஸ்டர் வரைக்கும் நீங்க இருக்கணும்ல. இன்னொரு தடவை விழுந்தா இடுப்பெலும்பு போயிடும். எங்க நோன்புலயும் நோயாளியை விட்டுடுவாங்க. உங்க அபூனா என்ன, என்னைவிடக் கறாரானவரா?"

எங்கள் பாதிரியார் அபூனா பனூப் கறாரானவராக இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கு முப்பத்தொரு வயது. அவருடைய ஞானஸ்நானத்துக்கு நான் போயிருந்தேன். தொட்டியில் முக்கும்போது கத்திய கத்தலில் புறாக்கள் பறந்தன. இப்போது தாடி வைத்துக்கொண்டு என் பாவங்களைக் கேட்கிறார். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வதீதா அவருக்குப் போன் போட்டுவிட்டாள். அவரும் நான் கேட்காத விலக்கைப் போனிலேயே கொடுத்துவிட்டார்.

"பேசி முடிச்சுட்டேன் அண்ணி," என்றாள் வதீதா. "பால் சாப்பிடலாமாம், முட்டை சாப்பிடலாமாம். மூணு மணி வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாமாம்."

"உன்னை யார்டி பேசச் சொன்னது?"

"நீங்க விழுந்தா தூக்கப்போறது நான்தானே. எனக்கும் முதுகு இருக்கு."

வதீதா என் கணவர் லபீபின் தங்கை. தபால் நிலையத்தில் முத்திரை குத்தியே முப்பது வருடம் கழித்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லபீப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் இரண்டு அறையில் ஓர் அடுப்போடு இருக்கிறோம். வேண்டாததையெல்லாம் கொடுத்துவிட்டேன். வளையல்கள் கோயில் கட்டட வேலைக்குப் போயின, தொலைக்காட்சிப் பெட்டி மாடியில் இருக்கும் குடும்பத்துக்குப் போயிற்று. மூன்று அங்கிகள் வைத்திருக்கிறேன். இதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டப்பட்டுக் கொடுத்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

நோன்பும் அப்படித்தான். அது எனக்குக் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஐம்பத்தைந்து நாளும் கறி, பால், முட்டை எதுவும் கிடையாது, வீட்டில் கொழுப்பு வாசனை இருக்காது. தட்டுகள் வெறும் தண்ணீரிலேயே சுத்தமாகிவிடும். பகல் இரண்டு மணிக்கு வயிறு காலியாக இருக்கும்போது ஜெபப் புத்தகத்தைத் திறந்தால், அடுத்த அறையில் ஆண்டவர் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். பிறகு மூன்று மணிக்கு ஒரு ரொட்டியும் வெங்காயமும். அந்த வெங்காயத்தின் ருசியை நான் எந்த விருந்திலும் கண்டதில்லை. மீதி வருடத்தில் நான் ஒரு சாதாரணக் கிழவி. அந்த ஐம்பத்தைந்து நாள்தான் எனக்கு இருந்த சந்தோஷம். அதை ஒரு டாக்டரும் ஒரு தபால்காரியும் ஒரு சின்னப் பையனும் சேர்ந்து போனில் பேசி முடித்துவிட்டார்கள்.

நான் பாலை வாங்கிக்கொண்டேன். வதீதா அடுப்பங்கரைக்குத் திரும்பியதும் சாக்கடையில் ஊற்றினேன். நான்கு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"சாக்கடைக்கு ரத்தம் குறைச்சலா அண்ணி?"

"கத்தாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். அபூனா சொன்னதை மீறிப் பட்டினி கிடக்கற புனிதவதி எங்க வீட்டுல இருக்கான்னு நானே போய்ச் சொல்றேன்."

பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. அபூனாவிடம் சொன்னாள். அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கோயிலின் ஓரத்தில், அவர் பாவசங்கீர்த்தனம் கேட்கும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. தினமும் பூசை, தினமும் பட்டினி. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"இன்சாஃப் அத்தை, பாலைக் கொட்டினீங்களா?"

"கொட்டினேன்."

"ஏன்?"

"அறுபத்திரண்டு வருஷம் அபூனா. ஒரு நாள்கூட விட்டதில்ல. எங்கம்மா செத்த அன்னிக்குக்கூட விடல. இப்ப முட்டையைத் தின்னுட்டு ஆண்டவர் முன்னாடி எந்த மூஞ்சியோட நிக்கறது?"

"ஆண்டவர் முன்னாடியா, நவால் அத்தை முன்னாடியா?"

எனக்குச் சுரீரென்றது. நவாலும் நானும் வெள்ளிக்கிழமைதோறும் கோயில் கூடத்தில் நோன்புச் சாப்பாடு சமைப்பவர்கள். பிஸ்கட் பாக்கெட்டில் பால்பொடி இருக்கிறதா என்று பொடி எழுத்தைப் படித்துச் சொல்வது நான். நவால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எதையும் வாயில் வைப்பாள்.

"இப்படிப் பேச உங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தது?" என்றேன்.

"தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. எனக்கு நல்லாப் பேசத் தெரியாது." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நோன்பைக் குடுத்தது சபை. இப்ப விடச் சொல்றதும் சபை. அதுக்கப்புறமும் நீங்க பிடிச்சு வச்சுக்கிட்டா, அது உங்க சொந்த நோன்பு. அதை நீங்க யாருக்காக இருக்கறீங்கன்னு எனக்குத் தெரியல. தொடர்ந்து கொட்டினா வர்ற ஞாயிறு நற்கருணைக்கு வராதீங்க."

"சாப்பிடலைன்னு நற்கருணையை நிறுத்துவீங்களா? சாப்பிட்டா நிறுத்தறதுதானே வழக்கம்."

"ஆமா அத்தை. எனக்கே சிரிப்பா இருக்கு. ஆனா அப்படித்தான்."

ஆனால் அவர் சிரிக்கவில்லை. நான் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தேன். கோயில் கதவை அப்படிச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பாலைக் குடித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். வதீதா எதிரே உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தாள். பிறகு முட்டையை வைத்தாள்.

"நீ டீ குடிக்கலையா?" என்றேன்.

"மூணு மணி வரைக்கும் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"என்னது?"

"உங்க பங்கை நான் எடுத்துக்கிட்டேன். வீட்டுல ஒருத்தராவது ஒழுங்கா இருக்கணும்ல."

இவள் யார் தெரியுமா? ஒவ்வொரு நோன்பிலும் சித்தி மகளைப் பார்க்கப் போகிறேன் என்று போய், மேலாடையில் வெண்ணெய் பிஸ்கட் தூளோடு திரும்புகிறவள். என் நோன்பை எடுத்து இவளிடம் கொடுத்திருக்கிறார் ஆண்டவர். இவளோ பத்து மணிக்குக் கொட்டாவி விட்டாள், பன்னிரண்டு மணிக்குப் பூனையைத் திட்டினாள், ஒரு மணியிலிருந்து கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். நான் வயிறு நிறைந்து, ஜெபப் புத்தகத்தைத் திறந்தபடியே தூங்கிப்போனேன். அடுத்த அறையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. விழித்தபோது கன்னத்தில் புத்தகத்தின் ஓரம் பதிந்திருந்தது.

"எனக்கு ஜெபம் நல்லா வந்துது அண்ணி," என்றாள் அவள், மூன்று மணிக்கு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "உங்களுக்கு?"

நான் தட்டைக் கழுவ எழுந்தேன். முட்டை பட்ட தட்டு. சோப்புப் போட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே நவாலோடு கூடத்தில் வேலை. பெரிய பானையில் பருப்பு, பயறு வடைக்கு மாவு, கொத்தமல்லி, வெந்தயக்கீரை. பூசை முடிந்து மூன்றரைக்கு எல்லோரும் பசியோடு வருவார்கள். என் அங்கிப் பையில் கைக்குட்டையில் சுற்றிய முட்டை இருந்தது. குனியும்போதெல்லாம் தொடையில் இடித்தது. கிளம்பும்போதே வதீதா தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "சாப்பாட்டோட இதையும் தின்னுங்க. மறந்தேன்னு வந்து நிக்காதீங்க."

பூசை முடிந்து ஜனங்கள் மேசைகளில் உட்காரும் நேரம், "உப்பு எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குள் நுழைந்தேன். நான்கே வாயில் முடித்துவிடலாம் என்பது கணக்கு.

பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட வாத்தியாரம்மா நிவீன். நான்கு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, காகிதத்தில் வைத்துப் பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் காகிதத்தைக் கசக்கிக் குழந்தையின் துணிக்கு அடியில் தள்ளினாள். முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை, அபூனா விலக்கு குடுத்திருக்கார். நிஜமா. பால் குடுக்கறேன்ல. வேணும்னா அவரையே கேளுங்க."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"போன வருஷமும் கேக்கல நீங்க," என்றாள். பயம் போய்க் குரலில் வேறு ஏதோ வந்திருந்தது. "இதே கூடத்துல என் பைக்குள்ளேர்ந்து பாலாடைக்கட்டியை எடுத்து, யாரோடது இதுன்னு எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டினீங்க. அப்ப வயித்துல இவன் இருந்தான். நான் வாயே திறக்கல. அப்புறம் நோன்பு முடியற வரைக்கும் இந்த ரூமுலதான் சாப்பாடு. இந்த வருஷமும்."

எனக்கு ஞாபகம் வந்தது. கூடத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று அன்று நான் பெருமையோடு வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு நன்றாகத் தூங்கியும் இருந்தேன்.

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தேன். நிவீன் முட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி முட்டையைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"நான்தான்."

"இங்க சாப்பிடவா வந்தீங்க?"

"ஆமா."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வராமல், குழந்தை விழித்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு.

"உக்காருங்க அத்தை. அந்த மூட்டையில எலி இருக்கு, இதுல உக்காருங்க."

நான் உட்காரவில்லை. "எழுந்திரு. வெளியில போய்ச் சாப்பிடலாம்."

"நான் வர மாட்டேன். நீங்க போங்க. உங்களை யார் என்ன கேப்பாங்க?"

அவள் சொன்னது சரி. என்னை யாரும் கேட்டதில்லை, கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நீண்ட மேசையில் நவாலுக்கு எதிரே இடம் இருந்தது. உட்கார்ந்து, மேசை விளிம்பில் முட்டையைத் தட்டினேன். அவ்வளவு பேர் பேசிக்கொண்டிருந்த கூடத்தில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்டதென்று தெரியவில்லை. பக்கத்தில் பேச்சு நின்றது. பிறகு அடுத்த மேசையிலும் நின்றது.

"இன்சாஃப், அது என்ன?" என்றாள் நவால்.

"முட்டை."

"பெருநோன்புலயா?"

"ஆமா."

டாக்டர், ரத்தப் பரிசோதனைத் தாள், அபூனா கொடுத்த விலக்கு, அறுபத்திரண்டு வருடம், அம்மா செத்த நாள், எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒரே ஒரு வாக்கியம் போதும், நவாலின் முகம் மாறிவிடும். "ஐயோ பாவம் இன்சாஃப், எவ்வளவு கஷ்டம் உனக்கு" என்பாள். அந்தப் "பாவம்" எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது, அதைக் கேட்காமல் இருந்தபோதுதான் தெரிந்தது. பசியை நான் அறுபத்திரண்டு வருடம் பொறுத்திருக்கிறேன். இதை ஒரு நிமிடம் பொறுப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஓட்டை உரித்தேன்.

மேசைக் கோடியிலிருந்து வதீதாவின் குரல் வந்தது. "நவால் அக்கா, நீங்க தப்பா நினைக்கக் கூடாது, அண்ணிக்கு டாக்டர்தான்..."

"வதீதா. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

"நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"நல்லது வேண்டாம். சாப்பிடு."

முட்டையைக் கடித்தேன். நவால் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, கையில் வடை அந்தரத்தில் நின்றது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குள் எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பியது. அடக்கினேன், முடியவில்லை. வயிறு நிறைய முட்டையும் பாலுமாக, மானம் போய், அத்தனை பேர் நடுவே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்படிச் சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. யாரிடமிருந்தும் எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை என்பது போல் உடம்பே லேசாக இருந்தது. அது ஜெபமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு," என்று நவால் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அது இன்றிரவுக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். போகட்டும் என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

சற்றுப் பொறுத்து சாமான் அறைக் கதவு திறந்தது. நிவீன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. தூரத்து மேசையில், கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கசங்கிய காகிதத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துப் பிரித்தாள்.

இரண்டு மூன்று தலைகள் அந்தப் பக்கம் திரும்பின.

"அங்க என்ன வேடிக்கை?" என்றேன். "பருப்பு ஆறுது, சாப்பிடுங்க."