எட்டாவது கிழமை

பிரேமினி நாய்க்குட்டி பார்க்கப் போன இடத்தில் அவள் கையில் முதலில் கிடைத்தது ஒரு ஃபோம், கேள்விகள் அச்சடித்த படிவம். நுவரெலியாவுக்கு வெளியே, கரட் பாத்திகளுக்கு நடுவே, கோல்டன் ரிட்ரீவர் வளர்த்து விற்கிறவர் அன்டன். அந்த ஃபோமை நிரப்பாமல் யாரையும் அவர் குட்டிகளின் அறைக்குள் விடுவதில்லை. சொந்த வீடா? வேலி இருக்கிறதா? குட்டி எங்கே படுக்கும்? பகலில் யார் பார்ப்பார்கள்?

"டீச்சர் வேலைக்குப் போனப்பகூட எங்கிட்ட யாரும் இவ்வளவு கேக்கல, அங்கிள்."

"டீச்சர் சரியில்லன்னா ஸ்கூல் தாங்கும். வீடு சரியில்லன்னா குட்டி தாங்காது. எழுதுங்க."

முகவரி என்ற இடத்தில் பேனா நின்றது. மஸ்கெலியாவுக்கு மேலே அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த ஒற்றையறை வரிசைக்கு, முகவரி என்று ஒன்று இருந்ததே இல்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும்; யாருக்காவது ஞாபகம் வந்தால் வீட்டுக்கு வரும். அவளுக்குக் கெம்பஸில் இடம் கிடைத்த கடிதமே பதினொரு நாள் அங்கே கிடந்தது. ஆனால் இப்போது லயத்துக்குக் கீழே, ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் இருபது தனி வீடுகள் எழும்பி, மஞ்சள் பெயின்டும் அடித்தாயிற்று. பதினாலாம் நம்பர் அவள் குடும்பத்துக்கு. அடுத்த மாதம் திறப்பு விழா. 'இலக்கம் 14' என்று தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள்.

நாய் ஆசை அவளுக்குப் பேராதனையில் தொற்றியது. போர்டிங் வீட்டில் ஒரு பொன்நிறக் கிழட்டு நாய் இருந்தது. அவள் விரிவுரை முடிந்து வருகிற நேரம் தெரிந்து, நாலு வருடமும் கேட்டடியில் நின்றது. லயத்தில் அவளுக்காக யாரும் காத்து நின்றதில்லை. நிற்க நேரமில்லை, எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். படிப்பு முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து, கதவைத் திறக்கும்போதெல்லாம் கால் அந்த ஈர மூக்கைத் தேடியது.

ஏழு குட்டிகள், பிறந்து இருபத்தெட்டு நாள், நாலு கிழமை. அடையாளத்துக்குக் கழுத்தில் கலர் கலராகக் கம்பளி நூல். அன்டன் அவளைத் தரையில் உட்காரச் சொன்னார்.

"மொதல்ல ஓடி வர்றத எடுக்காதீங்க. அது எல்லாருகிட்டயும் ஓடும். மூலையில ஒடுங்கிக் கிடக்கிறதப் பாவம்னு தூக்கிராதீங்க. பாவத்துக்கு வளக்கிறது வேற, நாய் வளக்கிறது வேற."

பச்சை நூல் கட்டியது அவளை முகர்ந்தது, போயிற்று, தாயிடம் குடித்தது. பிறகு சாவகாசமாகத் திரும்பி வந்து அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. அன்டன் ஒரு சட்டி மூடியைத் தரையில் போட்டார். மற்ற ஆறு குட்டிகளும் சிதறி ஓடின. பச்சை நூல் திடுக்கிட்டு எழும்பி, இரண்டடி பின்வாங்கி, பிறகு போய் மூடியை நக்கிப் பார்த்தது.

"தோட்டத்துத் திருவிழா வெடிக்கு இது தாங்கும்," என்றார் அன்டன். எட்டாவது கிழமை, புது வீட்டுச் சாவி கிடைத்திருந்தால் தூக்கிக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு இன்னொரு பஸ். அன்டன் அவளைச் சும்மா கொஞ்சவிடவில்லை. தட்டுக் கழுவினாள், மூத்திரம் துடைத்தாள், தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்தாள். நகம் வெட்டவும் மருந்து விடவும் இணங்க வேண்டும் என்று, குட்டியின் விரல் நடுவிலும் காதுக்குள்ளும் தினம் ஒருவர் தொட வேண்டுமாம், தொட்டாள். கடித்தால் கத்தக்கூடாது, எழும்பிப் போய்விட வேண்டும், போனாள். போகிற ஒவ்வொரு முறையும் பச்சை நூல் பின்னாலேயே வந்தது. வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் தன் சட்டைக் கையில் புளித்த பால் வாடையைத் தேடுவாள்.

ஆறாவது கிழமை திறப்பு விழா தள்ளிப்போயிற்று. திறக்க வரவேண்டிய பெரிய ஆள் வெளிநாட்டில். ஏழாவது கிழமையும் தள்ளிப்போயிற்று. பிரேமினி தோட்டத் தலைவர் செல்லசாமியைப் போய்ப் பிடித்தாள்.

"வீடு முடிஞ்சிருச்சு, தண்ணி வந்திருச்சு, கரண்ட் வந்திருச்சு. சாவி எங்க?"

"சாவி இருக்கு புள்ள. குடுக்கிற கை தான் இல்ல. தேதி கேட்டிருக்கோம்."

"நீங்க குடுத்தா சாவி தொறக்காதா?"

"வாய் மட்டும் நல்லா நீளுது. இதுக்குத் தான் படிச்சியா?"

"ஆமா, இதுக்குத் தான் படிச்சேன்."

பூட்டை உடைக்கட்டுமா என்று தம்பி சுமன் கேட்டான். உடைத்தால் பேர் லிஸ்டிலிருந்து போய்விடும் என்று செல்லசாமி முன்னாடியே சொல்லி வைத்திருந்தார். அம்மா வேலாயிக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

"இந்தக் காம்பராவுல ஆறு பேரு கெடக்கோம். ஏழாவதா அதுவும் கெடந்துட்டுப் போகுது. எங்கட்டிலுக்குக் கீழ பெட்டி போட்டு வைப்போம். சாவி குடுத்தாச்சுன்னு அவருகிட்ட சொல்லிப்புட்டு தூக்கிட்டு வா."

எட்டாவது கிழமை அவள் கூடையோடுதான் போனாள். பொய்யையும் பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அன்டன் கேட்டது ஒரே ஒரு சொல்.

"சாவி?"

"குடுக்கல," என்று வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

அவர் திட்டவில்லை. பச்சை நூலைத் தூக்கி அவள் கையில் வைத்தார்.

"நானும் லயத்துல பொறந்தவன் தான், டீச்சர். எங்கப்பா தொர பங்களாவுல சமையல். இப்ப மொதல் ஊசி தான் போட்டிருக்கு. மூணாவது ஊசி வரைக்கும் வேற நாய் பொழங்குற மண்ணுல இது கால் வைக்கக்கூடாது. பார்வோன்னு ஒரு வயித்துப்போக்கு நோய், வந்தா மூணு நாள்ல முடிஞ்சிரும். கண்டியிலருந்து ஒரு டொக்டரம்மாவும் இதத் தான் கேக்குறாங்க, இன்னிக்கு வாறாங்க. ஒங்க வாசலு ஒங்களுக்குத் தான் தெரியும். நீங்களே சொல்லுங்க."

வாசல் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே வாசல், ஒரே பீலித் தண்ணீர், கழிவு ஓட ஒரே கான். வைகாசியில் அந்தக் கானோரம் மூன்று நாய்கள் இரத்தமாகக் கழிந்து செத்தன. அதே மண்ணில்தான் சுமனின் பிள்ளை தவழக் கற்றது. அந்தப் பிள்ளைக்காக யாரும் ஒரு ஃபோம் நிரப்பச் சொல்லவில்லை.  கத்தலாம் என்றால் கையில் குட்டி. அது அவள் கழுத்தடியில் மூக்கை நுழைத்துப் பெருமூச்சு விட்டது.

"அவங்களுக்கே குடுத்துருங்க," என்றாள்.

டொக்டரம்மாவின் கார் பத்தரைக்கு வந்தது. நல்ல மனுசி. நல்ல மனுசியாக இருந்ததே பிரேமினிக்கு எரிச்சலாக இருந்தது. அவர் கேட்கக் கேட்க இவள் எல்லாம் சொன்னாள். இடது காதுக்குப் பின்னால் சொறிந்தால் தூங்கிவிடும். தட்டை ஒரே இடத்தில் வைக்க வேண்டும். படியில் ஓடவிடாதீர்கள், இடுப்பு எலும்பு இன்னும் பிஞ்சு. முதல் இரண்டு ராத்திரி அழும், திட்டாதீர்கள்.

"பேர் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்ல," என்றாள். இருந்தது.

கார்க் கதவு சாத்தியதும் உள்ளே அது கத்தத் தொடங்கியது. சத்தம் கரட் பாத்திகளைத் தாண்டி, வளைவில் திரும்பி, மெலிந்து போயிற்று. அன்டன் தொண்டையைச் செருமினார்.

"கார்த்திகையில அடுத்த ஈத்து. அதுக்குள்ள வீடு கெடைச்சிரும். இப்பவே ஒரு ஃபோம் எடுத்துட்டுப் போங்க, மொத ஆளாப் பாக்கலாம்."

"அடுத்தது வேணாம், அங்கிள்."

"எல்லாம் நல்ல குட்டியாத் தான் வரும்."

"வரும்," என்றாள் பிரேமினி. "எனக்கு அது தான் வேணும்."

இருபத்தாறு வயதில், கடைவாசலில் காலை உதைக்கிற பிள்ளைபோலச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. வெட்கப்படவில்லை. இன்னொரு முறையும் சொன்னாள்.