ஒரு வயதில் பிறக்கும் குழந்தைகள்

நோய்ப் பரவலைக் கணக்குப் போடும் எங்கள் துறையின் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் வளைகோட்டார். எதைக் கேட்டாலும் பலகையில் ஒரு வளைகோடு போட்டுவிட்டுப் பல்லைக் காட்டுவார். மனுஷர்கள் கேட்காத அவர் பேச்சைக் கோடாவது கேட்கும்.

இந்த முறை கோடு, சுவர் இடுக்குப் பூச்சி கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய்க்கு. கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து பிள்ளைக்கும் அது தொற்றும். ஆனால் கோடு சமர்த்தாக இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டது. பூச்சி ஒழிந்தது, பிறந்த குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை இனித் தேவையில்லை என்று அரசுக்குச் சொல்லப் போகிறார். மதியம் அதிகாரிகள் வருகிறார்கள்.

காலையில் அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். அதில் குழந்தைகள் ஒரு வயதில்தான் பிறக்கிறார்கள்! கணக்கெடுக்கப் போனவர்கள் கைக்குழந்தைக்கு ஊசி குத்தத் தயங்கி, ஒரு வயதிலிருந்துதான் ரத்தம் எடுத்தார்கள். நம் மேதை, தரவு தொடங்கிய இடத்திலேயே வாழ்க்கையையும் தொடங்கிவிட்டார். தாயிடமிருந்து வந்த நோயையெல்லாம் பூச்சியின் தலையில் கட்டிவிட்டார். பூச்சி போனதும் நோயும் போய்விட்டதாகக் கோடு பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது.

"சார், மருந்து நல்லா வேலை செய்யறதே அந்த முதல் வருஷத்துலதான். அதையே காணோமே?"

"சின்ன விஷயம்மா. அதைச் சேர்த்தா சமன்பாடு அசிங்கமாயிடும்."

சமன்பாடு லட்சணமாக இருந்தால் போதும். பிள்ளைகள் எக்கேடு கெட்டால் என்ன!

சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிவிட்டு என் மேஜைக்கு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மருமகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கோம். அவ ரத்தத்துல அந்தக் கிருமி இருக்காம். பிறந்ததும் குழந்தையை எங்கேம்மா பரிசோதிக்கலாம்?"

"எதுக்கு சார் அவசரம்? ஒரு வயசாகட்டுமே."

கைகூப்பாத குறையாக நின்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பச்சைப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

"பெரிய ஆஸ்பத்திரிதான் சார். அங்க நடக்கற அந்தப் பரிசோதனையை நிறுத்தச் சொல்லித்தான் இப்ப நீங்க பேசப் போறீங்க."

வாசலில் அதிகாரிகளின் கார் வந்து நின்றது. அவர் ஓடிப்போய்ப் பலகையில் இருந்த கோட்டை உள்ளங்கையாலேயே அழித்தார். சமன்பாட்டில் பச்சைக் குழந்தைக்கு ஒரு இடம் போட்டார், அசிங்கமாகவே.

பேரப்பிள்ளை என்றதும் இடம் கிடைத்துவிட்டது. இத்தனை நாள் பிறந்த மற்ற பிள்ளைகள் செய்த தப்பு, இவரைத் தாத்தாவாக அடையாததுதான்.