இருபத்தேழாவது ஆள்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவும் ஆயத்தம். வீட்டில் கொளுத்தினால் புகை மணி அலறும் என்பதால் ஆர்ச்வே முருகன் கோயிலுக்கே வந்து செய்வேன்.

2004 ஓகஸ்டில் ஒரு ஞாயிறு மத்தியானம், லண்டன் செவன் கிங்ஸ் பூங்காவில், என் சிநேகிதன் கிருஷ்ணராசா பேஸ்போலில் ஒரு ‘பெர்பெக்ட் கேம்’ எறிந்தான். அப்போது அவனுக்கு அறுபத்தொரு வயது. ஜெர்மனியில் அமெரிக்கப் பட்டாளத்தின் சமையலறையில் கோப்பை கழுவிய காலத்தில் எறியப் பழகியவன். அவன் பந்து பாதி வழியில் நின்று யோசித்துவிட்டுத்தான் வளையும். எதிர் அணியின் கடைசி ஆள், மலேசியக் கணக்காளர் நடராஜா, பந்து வருவதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார். அப்படியும் தவறவிட்டார்.

பெர்பெக்ட் கேம் என்றால், எதிர் அணியின் ஒன்பது பேரும் சுற்றிச் சுற்றி வர, இருபத்தேழு ஆளை வரிசையாக வீழ்த்த வேண்டும். ஒருவன்கூட முதல் தளத்தை மிதிக்கக் கூடாது. அமெரிக்காவின் பெரிய ஆட்டங்களில் நூறு வருடத்துக்கு மேலாகியும் அதுவரை இருபது தடவைகூட நடந்திருக்கவில்லை. அது நடந்துகொண்டிருக்கும்போது எறிகிறவனோடு யாரும் பேசுவதில்லை. பேசினால் குலைந்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நாங்களும் பேசவில்லை. மைதான ஓரத்தில் நாங்கள் உட்காரும் வாங்கின் ஒரு முனையில் அவன் தனியே இருந்தான். மறுமுனையில் புள்ளி எழுதியபடி நான். அவனுடைய போன் என் சட்டைப் பையில்.

இருபத்தொரு பேர் போன பிறகு அது அடித்தது. அவன் மகள் பிரியந்தி, தாய் நகுலேஸ்வரி கிடந்த ஆஸ்பத்திரியிலிருந்து.

“மாமா, அப்பாவை உடனை வரச் சொல்லுங்கோ. அம்மாக்கு ஏலாமக் கிடக்கு. அப்பாவைத்தான் கேக்கிறா.”

“காலமை கஞ்சி குடிச்சவவாம், அவதான் போகச் சொன்னவவாம் எண்டு கொப்பர் சொன்னவரே, பிள்ளை.”

“இப்ப ஏலாது, மாமா.”

“இன்னும் ஆறு பேர்தான்.”

“ஆர் ஆறு பேர்?”

நான் போனைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டேன். வாங்கின் அந்த முனை ஆறடி தூரம்கூட இல்லை. அவன் முழங்காலில் கை வைத்துக்கொண்டு புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடியட்டும் என்று நினைத்தேன். நகுலேஸ்வரி எத்தனையோ தடவை பயங்காட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தவள்.

இருபத்தைந்தாவது ஆள் நிற்கும்போது இன்னொரு தரம் அடித்தது. எடுக்கவில்லை. பிறகு அடிக்கவில்லை.

இருபத்தேழாவது ஆள் திரும்பவும் நடராஜா. மூன்று தரம் வீசினார், மூன்றும் காற்று. எல்லாரும் ஓடிப்போய்க் கிருஷ்ணராசாவைத் தூக்கினார்கள். இறக்கிவிட்ட பிறகு நான் போனை நீட்டினேன். மகளோடு பேசினான், பேசினான் என்பதைவிட, கேட்டுக்கொண்டு நின்றான்.

“முதல் எப்ப அடிச்சது?”

“இருபத்தொராள் முடிய.”

அவன் விரல்களை மடித்து எண்ணினான். ஒரு கை போதவில்லை. பிறகு பந்தை என் சட்டைப் பையில், போன் இருந்த இடத்தில், வைத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

விசாவுக்காக நான் கடதாசியில் மட்டும் கட்டிய நகுலேஸ்வரியின் மரணச் சான்றிதழில் கணவன் என்ற இடத்தில் இருப்பது என் பெயர்.