மூன்றாவது ஹார்ட்டின்

…எல்லாவற்றையுமா, நிஜமாகவே எல்லாவற்றையுமா, அப்பா இடது கை விரல்களை விரித்து, முன்னால் இருந்த அத்தனை பொத்தான்களையும் மேசை நடுவே ஒரே தள்ளு, பந்தயக் காசுக்குப் பதிலாக என் தையல் கடையிலிருந்து நான் அள்ளி வந்த சட்டைப் பொத்தான்கள் வெள்ளையும் நீலமுமாகச் சிதறுகின்றன, ஒன்று தரையில் உருண்டு ஓடுகிறது, யாரும் குனியவில்லை, அப்பா, தெரிந்துதான் செய்கிறீர்களா? ஐந்து மாதமாக ஒரு வார்த்தை இல்லை, பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போன நாளிலிருந்து ஒரு தலையசைப்புகூட இல்லை, எதைக் கேட்டாலும் சுவரைப் பார்ப்பார்… நாளைக் காலை பத்து மணிக்கு இந்த ஆஸ்பத்திரி டாக்டர் கேட்கப்போகிறார், அப்பாவை அனுப்புவது வீட்டுக்கா காப்பகத்துக்கா என்று, அண்ணன் காப்பகத்துப் படிவத்தை நிரப்பிச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறான், “அவருக்கு எதுவும் புரியல, நீ கடையப் பாப்பியா, அவரப் பாப்பியா?” என்று வரும் வழியில்கூடக் கேட்டான், கேட்டதில் தப்பில்லை.

சீட்டுக்கட்டு டீச்சருடைய யோசனை. கைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணை நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம், விரலுக்கு நல்லது என்றாள், அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், மதிய இடைவேளையில் மோட்டார் அறையில் கூட்டாளிகளோடு போக்கர் ஆடியவர் என்று நான் சொன்னதும் சரி, அதையே ஆடுவோம் என்றாள். முதலில் ஐந்து சீட்டு ஆட்டம், எல்லாமே மூடிய சீட்டு, வேண்டாததைக் கழித்து ஒரே ஒரு தடவை புதிது வாங்கலாம், அப்பா மூன்றைக் கழித்து இரண்டை வைத்துக்கொண்டார், கடைசியில் திருப்பினால் அந்த இரண்டும் ஒன்பது, ஜோடி! “தற்செயல்” என்றான் அண்ணன். அடுத்தது ஏழு சீட்டு ஆட்டம், நான்கு எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கும், மூன்று மூடியிருக்கும், எனக்கு இரண்டாவது ஏஸ், ஆட்டத்திலேயே பெரிய சீட்டு, திறந்து விழுந்த உடனே அப்பா தன் சீட்டுகளைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகினார், “கை வலிச்சிருக்கும்” என்றான், எதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறான் இவன்.

இது மூன்றாவது, கையில் ஆளுக்கு இரண்டே சீட்டு, நடுவில் விரிக்கும் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது, ஏழிலிருந்து சிறந்த ஐந்தைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். முதல் மூன்று ஒன்றாக வந்தன, ஹார்ட்டின் ராணி, கிளாவர் ஒன்பது, ஹார்ட்டின் நாலு, டீச்சர் அப்போதே விலகிவிட்டாள், என்னிடம் ஒரு ராணியும் ஒரு ஒன்பதும், இரண்டு ஜோடி, குதிக்காமல் உட்கார்ந்திருப்பதே பெரும்பாடு… அப்பா மேசையைத் தட்டினார், அதாவது பந்தயம் இல்லை, அடுத்த ஆள் போகலாம். நாலாவது ஸ்பேட் ஆறு, மறுபடி தட்டினார். கடைசிச் சீட்டு ஹார்ட்டின் இரண்டு, மூன்றாவது ஹார்ட்டின், அதைப் பார்த்த பிறகுதான் இந்தத் தள்ளு! கையில் இரண்டு ஹார்ட்டின் வைத்திருப்பவனுக்கு ஒரே இனத்தில் மொத்தம் ஐந்தாகிவிடும், அதற்கு முன்னால் என் இரண்டு ஜோடி தூசு, அண்ணன் தன் சீட்டைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மறுபடி சீட்டைப் பார்த்தான், கவிழ்த்து வைத்தான். இப்போது நான். அப்பா என்னையே பார்க்கிறார், ஐந்து மாதத்தில் முதல் தடவையாகச் சுவரை அல்ல என்னை, இருக்கிறதா, இல்லையா, இருப்பதாகக் காட்டுகிறாரா? காட்டுகிறார் என்றால் உள்ளே அத்தனையும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது… என் பொத்தான்களைத் தள்ளினேன், “பாக்கலாம்பா.”

திருப்பினார். ஸ்பேட் எட்டு, கிளாவர் மூன்று. ஒன்றுமே இல்லை.

“பாத்தியா?” என்றான் அண்ணன், மெதுவாக, வருத்தமாகத்தான் சொன்னான். “கைல ஒண்ணுமே இல்ல, எல்லாத்தையும் தள்ளிட்டாரு.”

“ஒண்ணும் இல்லைன்னு அவருக்குத் தெரியும்ணா! மூணாவது ஹார்ட்டின் வர்ற வரைக்கும் காத்திருந்தாருல்ல?”

“அது நீயா நெனச்சுக்கறது.”

டீச்சர் கட்டைச் சேர்க்கக் கை நீட்டினாள், நான் முந்திக்கொண்டு அண்ணன் கவிழ்த்த இரண்டையும் திருப்பிவிட்டேன், ஆட்டத்தில் அது தப்பு, தெரியும், பரவாயில்லை… ஹார்ட்டின் ஏழு, ஹார்ட்டின் பத்து. ஐந்து ஹார்ட்டின் இவனிடம்தான் இருந்திருக்கிறது! ஜெயிக்கிற சீட்டை ஏன் கவிழ்த்தான்?

“அப்பாகிட்ட இதவிடப் பெருசு இருக்கும்னு…” என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திவிட்டான், காது மடல் சிவந்துவிட்டது, அப்பாவைப் பார்க்கிறான், டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொள்கிறாள், எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருக்கிறது, நம்பியிருக்கிறான், எதுவும் புரியாது என்று சொன்ன ஆளையே நம்பியிருக்கிறான், இது போதும், நாளைக்கு டாக்டரிடம் இதையேதான் சொல்லப்போகிறேன், அப்படியானால் நான்… நான் எதை நினைத்துப் பொத்தான்களைத் தள்ளினேன், அவர் ஏமாற்றுகிறார் என்று கண்டுபிடித்தா, இல்லை, பாவம், அவரிடம் என்ன இருந்துவிடப் போகிறது என்றா?