மூன்றாவது படத்தில் நின்றவர்

தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு அவள் அறைக் கதவைச் சாத்தினாள். கூடத்தில் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கணவர், "என்ன, இன்னைக்கும் பேயோட்டமா? சீக்கிரம் ஓட்டிட்டு வா, டீ ஆறிடும்" என்றார். வழக்கமாக அவளும் ஏதாவது பதில் கொடுப்பாள். அன்று தாழ்ப்பாளையும் போட்டாள்.

கணவரின் கேலிக்குக் காரணம் அவள் தொழில். விடியற்காலை நிலத்தை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. கேமராவை வானத்துக்குத் தோதாக வைத்தால் தரை கரியாகிவிடும்; தரைக்குத் தோதாக வைத்தால் வானம் வெளுத்துப்போகும். அதனால் முக்காலியை அசைக்காமல், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரிசையாக ஐந்து படங்கள் எடுப்பாள். பிறகு கணினியில் ஒவ்வொன்றிலும் நன்றாக விழுந்த பகுதியை எடுத்து ஒன்றாக்குவாள். இடையில் யாராவது நடந்தால்தான் தொல்லை. ஒன்றில் இருப்பவர் அடுத்ததில் இருக்கமாட்டார். சேர்த்தால் அவர் உடம்பின் ஊடே வேலிக்கம்பி தெரியும். தொழிலில் அதைப் பேய் என்பார்கள். அதை அழிப்பதில் அவள் கைதேர்ந்தவள்.

அழைத்தது மாட்டுப் பண்ணைக்கார அக்கா. பண்ணை விற்பனைக்கு வந்திருந்தது. விளம்பரத்துக்காக அவள்தான் போய்ச் சூரிய உதயத்தை எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"படம் நல்லா வந்துச்சும்மா. அதுக்காகக் கூப்பிடல. என் தம்பியக் காணோம். நீங்க வந்துட்டுப் போன அன்னைலேருந்து. பதினோரு நாளாச்சு. நீங்க எடுத்ததுல எங்கயாவது விழுந்திருக்கானான்னு பாருங்க."

"பாக்கறேன்க்கா" என்று மட்டும் சொல்லியிருந்தாள். பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

ஆனாலும் ஐந்து படங்களையும் திறந்தாள். முதல் படத்தில் சிவந்த வானம், கீழே மை. இரண்டாவதில் வேலியோரம் நட்டுவைத்த கழிபோல ஒரு கறுப்பு. மூன்றாவதில் அது மனிதர்: நெடுநெடுவென்று, கம்பளிச் சட்டை, கையில் வாளி, முகம் நேராக இவளைப் பார்க்கிறது. நான்காவதில் அவர் திரும்பிவிட்டார். படம் பதிவாகி முடிவதற்குள் அசைந்துவிட்டதால், மார்புக்குள் வேலியின் மூன்று கம்பிகளும் ஓடுகின்றன. ஐந்தாவதில் புல்லின்மேல் இடப்பக்கமாக நீண்ட ஒரு மங்கல், கண்ணாடியில் விட்ட மூச்சுக் காற்றைப்போல.

சேர்த்து முடித்த படத்தில் புல்லும் வேலியும் வெயிலும்தான் இருந்தன. அவரைத் துடைக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. துடைக்கும்போது பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

அழிக்கும் பொத்தான்மேல் விரல் சற்று நேரம் கிடந்தது. ஐந்தும் போய்விட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்த மங்கல் இடப்பக்கம் போகிறது. இந்தப் பதினோரு நாளும் அக்கா தேடியது எந்தப் பக்கமோ. மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். டீ ஆறிப்போயிருந்தது.

பண்ணை வீட்டின் சமையலறையில், ரெக்சின் துணி விரித்த மேசையில் படங்களைத் திறந்து வைத்தாள். அக்கா மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது படம் வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தச் சட்டையத் தூக்கிப் போடுடான்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். முழங்கையெல்லாம் ஓட்ட. வெயில் காலத்துலயும் கழட்டமாட்டான், பிறக்கும்போதே போட்டுட்டு வந்தவன் மாதிரி." விரலால் திரையைத் தொட்டார். "யாரப் பாக்கறான்?"

"என்னத்தான்க்கா."

அக்கா நிமிர்ந்தார்.

"வெளிச்சம் ரெண்டு நிமிஷந்தான் நிக்கும். அவர் குறுக்க வந்துட்டார். யாருன்னு எனக்குத் தெரியாது. தள்ளிப் போங்கன்னு கைய ஆட்டினேன். அந்தப் பக்கமா. தலைய ஆட்டிட்டு உடனே போயிட்டார்."

குழாயில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காலைல நானும் அதத்தான் சொன்னேன். 'படம் எடுக்க வர்றாங்க, நடுவுல போய் நிக்காத. உன் மூஞ்சியப் பாத்தா வாங்க வர்றவன் ஓடியே போயிருவான்'னு. சிரிச்சுட்டுத்தான் போனான். விக்கற பேச்சு எடுத்ததுலேருந்து எதுக்கும் சிரிப்புதான். எங்க காட்டினேனோ அங்க கையெழுத்துப் போட்டான்." திரைப்பக்கம் சாய்ந்தார். "எந்தப் பக்கம்னீங்க?"

அவள் ஐந்தாவது படத்தில் மங்கலைக் காட்டினாள்.

"அங்க மேய்ச்சல்தானே இருக்கு. அதத் தாண்டுனா கல்லு வெட்டின பள்ளம். மழைத்தண்ணி நிறைஞ்சு கிடக்கு." அக்கா தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "நாங்க அந்தப் பக்கம் போகவே இல்ல. ரோட்டப் பிடிச்சு பஸ் போற ஊரெல்லாம் தேடிட்டிருக்கோம். ரோட்டுப் பக்கத்துக் கேட் தொறந்து கிடந்துச்சு. அவன் எங்க போனாலும் கேட்டப் பூட்டாம போகமாட்டான், மாடு வெளிய போயிரும்னு. அதையே மறந்துட்டுப் போயிருக்கானே, அவ்வளவு கோபமான்னு நினைச்சேன்."

அவள் திரையைப் பார்த்தாள். படத்தில் கேட் அழகாகத் திறந்திருந்தது. மண்பாதை அதன் வழியே உள்ளே வளைந்து வந்தது.

"தொறந்து வெச்சது நான்க்கா. தொறந்திருந்தா படம் நல்லாருக்கும்னு. கிளம்பும்போது மூட மறந்துட்டேன்."

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். பிறகு தொலைபேசியில் எண்ணை அழுத்தி, யாரிடமோ, "பள்ளத்துக்குக் கயிறோட வாங்க. ஆமா, இப்பவே" என்றார்.

வெளியே வந்தார்கள். சாயங்கால வெயில் எதிர்த் திசையிலிருந்து அடித்தது. அன்று கருத்துக் கிடந்த பக்கமெல்லாம் இப்போது பொன்னாக இருந்தது. அக்கா வேலிவரை நடந்துபோய், தம்பி நின்ற இடத்தில் நின்று திரும்பினார்.

"நீங்க எங்க நின்னீங்களோ அங்க நில்லுங்க."

நின்றாள்.

"எப்படிக் காட்டினீங்க? காட்டுங்க."

"வேண்டாம்க்கா."

"காட்டுங்கம்மா. அவன் என்ன பாத்தான்னு நான் பாக்கணும்."

அவள் கையைத் தூக்கினாள். தோளுயரத்தில் அது நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு விரற்கடையும் நகரவில்லை. அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அது அசையும் முன்பே தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, திரும்பி இடப்பக்கமாக நடக்கத் தொடங்கினார். மேய்ந்துகொண்டிருந்த மாடுகளில் ஒன்று தலை தூக்கியது. அது அவர் பின்னால் போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. சற்று நேரத்தில் எல்லா மாடுகளும் ஒற்றை வரிசையாக, வழி தெரிந்தவைபோல, பள்ளம் இருந்த திக்கில் போய்க்கொண்டிருந்தன.